கப்பல் பந்தியும் புதிய மெனுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உல்லாசக் கப்பல்களில் உணவும் அதைப் பரிமாறும் முறையும் மாறிவருவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கப்பல் பயணம் என்றால் ஒரே மேசை, ஒரே நேரம், பயணம் முடியும்வரை ஒரே பரிமாறுபவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போதோ விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்கிறார்கள். இந்த மாற்றம் எப்போது வந்தது? ஏன் வந்தது?

பதில்: பழைய முறை இடநெருக்கடியால் பிறந்தது. எல்லாப் பயணிகளையும் ஒரே வேளையில் உட்காரவைக்கும் அளவுக்குக் கப்பலின் உணவுக்கூடம் பெரிதாக இருப்பதில்லை என்பதால், மாலை 6 மணியளவில் முதல் பந்தி, 8 அல்லது 8.30 மணியளவில் இரண்டாம் பந்தி என்று பிரித்தார்கள். யார் எந்தப் பந்தி, எந்த மேசை என்பது பயணம் தொடங்கும்போதே முடிவாகிவிடும். அறிமுகமில்லாத ஆறு பேரோ எட்டுப் பேரோ ஒரே மேசையில் அமர்ந்து, கரை சேரும்போது நண்பர்களாகப் பிரிவது இந்த ஏற்பாட்டின் பயன்களில் ஒன்று.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கத் தொடங்கியபின், ஊர்போய்ச் சேருவதற்காகக் கப்பல் ஏறுவோர் விரைவாகக் குறைந்தனர். 1960களின் பிற்பகுதியிலிருந்து கரீபியன் கடலில் பொழுதுபோக்குக்கென்றே கப்பல்களை இயக்கிய நிறுவனங்கள், பந்தி முறை, விருந்து உடை, கப்பல் தலைவருடன் விருந்து ஆகிய பழைய வழக்கங்களையும் கூடவே எடுத்துக்கொண்டன. ஆனால் புதிய பயணிகள் வேறு வகையினர். பகலெல்லாம் துறைமுக நகரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும், சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், குறித்த மணிக்குக் கோட்டு அணிந்து மேசைக்கு வருவது சுமையாக இருந்தது.

1990இல் வந்த கிரிஸ்டல் ஹார்மனி என்ற கப்பல், பொது உணவுக்கூடம் தவிர இத்தாலிய உணவுக்கும் ஜப்பானிய உணவுக்கும் தனித்தனி உணவகங்களை, கூடுதல் கட்டணம் இல்லாமலே வைத்திருந்தது. 1998இல் புறப்பட்ட டிஸ்னி மேஜிக் கப்பலில் வேறொரு வழியைக் கண்டார்கள். பயணிகள் நாளுக்கொரு உணவகமாக மூன்று உணவகங்களில் மாறி மாறிச் சாப்பிட, அவர்களுக்குப் பரிமாறுகிறவர்களும் கூடவே இடம் மாறுவார்கள். புதுமையையும் பழகிய முகத்தையும் ஒருங்கே தந்த இந்த ஏற்பாட்டை, இத்துறையில் நிகழ்ந்த மாற்றங்களிலேயே மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டதாக நான் கருதுகிறேன். பந்தியையே எடுத்துவிடும் துணிச்சல் 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனத்திடமிருந்து வந்தது. ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் குறித்த நேரம், குறித்த மேசை, கட்டாய விருந்து உடை ஆகிய மூன்றையும் அது கைவிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் மற்றப் பெரிய நிறுவனங்களும் நெகிழ்வான நேரத்தை ஒரு தெரிவாகக் கொண்டுவந்தன.

இருந்தாலும் பழைய முறை மறையவில்லை. ராயல் கரீபியன் நிறுவனம் 2014இல் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் பெரிய உணவுக்கூடத்தைத் தனித்தனி உணவகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வேளைக்கும் பயணிகளே முன்பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. விடுமுறைக்கு வந்த இடத்திலும் தினமும் சாப்பாட்டுக்கு நேரம் பதிவுசெய்ய வேண்டியிருந்தது பலருக்குப் பிடிக்கவில்லை; சில ஆண்டுகளுக்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலான நிறுவனங்களில் குறித்த நேரப் பந்தி, விரும்பிய நேரம் என இரண்டும் உண்டு; டிக்கெட் எடுக்கும்போதே உங்களுக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறலாம்.

கேள்வி: பழைய கப்பல்களில் பத்துப் பதினொரு வகை உணவு வரிசையாகப் பரிமாறப்பட்டதாகச் சொல்வது உண்மையா? இன்றைய மெனு ஏன் இவ்வளவு சுருங்கிவிட்டது?

பதில்: உண்மைதான், ஆனால் அது முதல் வகுப்பின் கதை மட்டுமே. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் முதல் வகுப்பு மெனுவில் சிப்பி, சூப், சால்மன் மீன், ஆட்டிறைச்சி, புறாக்கறி, அஸ்பாரகஸ், இனிப்பு எனப் பத்துச் சுற்றுகளுக்குக் குறையாமல் இருந்தன. அதே நாளில் மூன்றாம் வகுப்பினருக்கு ஓட்ஸ் கஞ்சி, அரிசி சூப், வறுத்த மாட்டிறைச்சி, அவித்த உருளைக்கிழங்கு, பிஸ்கட், பாலாடைக்கட்டி ஆகியவை கிடைத்தன. அந்த மூன்றாம் வகுப்பு மெனு அட்டையின் அடியில், உணவிலோ கவனிப்பிலோ மரியாதையிலோ குறை இருந்தால் உடனே கப்பல் அதிகாரியிடம் தெரிவிக்கலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். மிகக் குறைந்த கட்டணம் கொடுத்து வந்தவருக்கும் மரியாதையோடு பரிமாறப்பட வேண்டும் என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்ட அந்த வரி, ஆடம்பர மெனுவைவிட என் மனத்தில் பதிந்திருக்கிறது.

இன்றைய பொது உணவுக்கூடத்தில் முன்னுணவு, முக்கிய உணவு, இனிப்பு என்ற மூன்று சுற்றுகளே வழக்கம். இவற்றைக் கப்பலின் எல்லாப் பயணிகளும் உண்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2024இல் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் அதிகபட்சமாக ஏறத்தாழ 7,600 பயணிகளை ஏற்றக்கூடியது. அத்தனை பேருக்கும் சூடாகவும் ஒரே தரத்திலும் உணவு போய்ச்சேர வேண்டுமானால், வகைகளைக் குறைத்து, பயன்படும் பொருள்களைப் பொதுவாக்கித்தான் சமைக்க முடியும். தீவிபத்து அச்சத்தால் கப்பல் சமையற்கூடங்களில் பெரும்பாலும் மின்சார அடுப்புகளே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிச் சிற்பங்களும் செதுக்கிய பழங்களுமாகக் கண்ணுக்கு விருந்தாக இருந்த நள்ளிரவு பஃபே, விளக்குகளை அணைத்துவிட்டு இனிப்புத் தட்டுகளை ஏந்திப் பரிமாறுபவர்கள் ஊர்வலம் வரும் வழக்கம் ஆகியவையும் பெரும்பாலான கப்பல்களில் நின்றுவிட்டன. செலவும் வீணாகும் உணவின் அளவும் அதற்குக் காரணங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் உணவும் அடக்கம் என்று சொல்லிவிட்டு, கப்பலில் சில உணவகங்களுக்குத் தனியாகப் பணம் கேட்பது நியாயமா?

பதில்: தனிக்கட்டண உணவகம் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1905இல் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் அமெரிக்கா என்ற கப்பலிலேயே, பயணிகள் வேண்டியதைச் சொல்லித் தனியே பணம் கொடுத்துச் சாப்பிடும் ரிட்ஸ் கார்ல்டன் உணவகம் இருந்தது. டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று இருந்தது. பயணம் முழுவதும் அங்கேயே சாப்பிடுவதாக முன்கூட்டியே தெரிவித்தவர்களுக்குப் பயணக் கட்டணத்தில் ஒரு தொகையைக் குறைத்தார்கள். இன்று எந்தப் பெரிய நிறுவனமும் அப்படிக் குறைத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. பொது உணவுக்கூடத்துக்கான விலையை டிக்கெட்டில் கொடுத்துவிட்டு, ஒருவருக்கு ஏறத்தாழ 30 முதல் 60 டாலர் வரை மீண்டும் கொடுத்துத் தனி உணவகத்தில் அமர்கிறோம்.

டிக்கெட் விலையைக் குறைவாகக் காட்டிப் பயணிகளை ஈர்த்து, கப்பலுக்குள் நடக்கும் விற்பனையில் வருமானம் தேடுவது இத்துறையின் இன்றைய வழி. நல்ல சமையலுக்கு விலை கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. பொது உணவுக்கூடத்தின் தரத்தை மெல்ல இறக்கித் தனி உணவகத்தின் பக்கம் பயணிகளைத் தள்ளுவது நடந்தால், அதைத்தான் நியாயமற்றது என்று சொல்வேன். இரண்டாவது லாப்ஸ்டருக்கும் மூன்றாவது முக்கிய உணவுக்கும் கட்டணம், இரவில் அறைக்கு உணவு கொண்டுவரக் கட்டணம் என்று அண்மை ஆண்டுகளில் சில நிறுவனங்கள் சேர்த்திருக்கும் சிறு தொகைகள் இந்த ஐயத்தை வளர்க்கின்றன. எதிர்வழியில் போகிறவர்களும் உண்டு. 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் பஃபேயும் இல்லை, பெரிய பொது உணவுக்கூடமும் இல்லை. எல்லா உணவகங்களும் டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கும்.

பழைய வகுப்புப் பிரிவினையும் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. அறையின் தரத்துக்கேற்ப உணவகத்தை ஒதுக்கும் வழக்கத்தைக் குனார்ட் நிறுவனம் என்றுமே விடவில்லை. 2008இல் எம்எஸ்சி ஃபன்டாசியா கப்பலில் யாட் கிளப் என்ற பெயரில் உயர்கட்டணப் பயணிகளுக்குத் தனிப்பகுதி வந்தது. மற்ற நிறுவனங்களும் அதைப் போன்றவற்றைக் கட்டின. ஆகவே டிக்கெட் எடுக்குமுன், எந்தெந்த உணவகங்கள் உங்கள் கட்டணத்துக்குள் வரும் என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பரிமாறுபவர்களின் கவனிப்பு முன்புபோல் இல்லை என்று அடிக்கடி பயணம் செய்யும் என் உறவினர்கள் குறைப்படுகிறார்கள். ஊழியர்களுக்கு அக்கறை குறைந்துவிட்டதா? டிப்ஸ் முறை மாறியதால் இப்படியா?

பதில்: அக்கறை குறைந்துவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். குறைந்திருப்பது நேரம். குறித்த மேசை முறையில் ஒரு பரிமாறுபவரும் அவருடைய உதவியாளரும் பயணம் முழுவதும் அதே முகங்களைப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே உங்களுக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்; மூன்றாம் நாள் நீங்கள் சொல்லாமலே உங்கள் தாயாருக்கு மிளகு குறைவான சூப் வரும். விரும்பிய நேரத்தில் வந்து, காலியாக இருக்கும் மேசையில் அமரும் முறையில் ஒவ்வொரு மாலையும் அவருக்கு நீங்கள் புதியவர். சுதந்திரத்துக்கு நாம் கொடுத்த விலை இது. அதை ஊழியர் தலையில் போடுவது முறையாகாது. கவனித்துப் பரிமாறப்படுவதை விரும்புகிறவர்கள் இன்றும் குறித்த நேரப் பந்தியைத் தேர்ந்தெடுத்தால் அதே அனுபவம் பெருமளவு கிடைக்கும். நெகிழ்வான நேரத்தை எடுத்தவர்களும், குறிப்பிட்ட பரிமாறுபவரின் பகுதியிலேயே தினமும் இடம் தரும்படி கேட்கலாம். இயன்றபோது ஏற்பாடு செய்து தருவார்கள்.

ஊழியர்களின் உழைப்பைப் பற்றியும் பயணிகள் அறிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. உணவு பரிமாறுகிறவர்களும் அதன்படி கப்பல் தொழிலாளர்களே. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், 7 நாள்களில் குறைந்தது 77 மணி நேர ஓய்வும் அது உறுதிசெய்யும் அளவுகளில் அடங்கும். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, காலை உணவு முதல் இரவு உணவுவரை பிரித்துப் பிரித்து வேலை செய்கிறவர்கள் சிரித்த முகத்தோடு தட்டு வைப்பதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பு கடைசி இரவில் உறையில் பணம் வைத்துப் பரிமாறியவரின் கையில் கொடுத்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் நாள்தோறும் ஒரு தொகையைச் சேர்த்துவிடுகின்றன. அமெரிக்கச் சந்தையைச் சேர்ந்த பெரிய நிறுவனங்களில் அது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை. கண்ணில் படாத சமையற்கூட உதவியாளர்களுக்கும் அதில் பங்கு போவதற்கு வழி இருப்பது இந்த முறையின் நன்மை. கவனிப்பில் குறை என்றால் அதைத் தலைமைப் பரிமாறுபவரிடம் அன்றே சொல்லுங்கள்; கடைசி நாளில் தொகையை நீக்கச் சொன்னால் குறையோடு தொடர்பில்லாதவர்களின் வருமானமும் குறையக்கூடும். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019இல் இந்தத் தனித்தொகையையே எடுத்துவிட்டது. ஊதியத்தை நிறுவனமே டிக்கெட் விலையிலிருந்து முழுமையாகக் கொடுப்பதுதான் நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மெனு அட்டைக்குப் பதில் கைபேசியைப் பார்க்கச் சொல்கிறார்கள். வயதானவர்கள் என்ன செய்வது? பஃபேயில் சாப்பிடுவது பாதுகாப்பானதா?

பதில்: 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்று, 2021இல் மீண்டும் புறப்பட்டபோது, பலர் தொட்ட அட்டையைத் தவிர்க்கக் க்யூஆர் குறியீடு வந்தது, அச்சுச் செலவு மிச்சமானதால் பல இடங்களில் அது நிலைத்துவிட்டது. கேட்டால் அச்சிட்ட மெனுவைத் தருகிற கப்பல்கள் பல உண்டு, தயங்காமல் கேளுங்கள். மங்கலான விளக்கொளியில் சிறிய திரையைப் படிக்க முதியவர்களைக் கட்டாயப்படுத்துவது நல்ல விருந்தோம்பல் ஆகாது.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்து முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100க்கு மதிப்பெண் தருகிறது. 85 அல்லது அதற்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. இந்த மதிப்பெண்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ், கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்கு எளிதில் அடங்காது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவிவிட்டே பஃபேக்குச் செல்லுங்கள். நோய் தலைகாட்டினால் கரண்டியைப் பயணிகள் தொடாதபடி ஊழியர்களே பரிமாறுவார்கள். அப்போது வரிசை நீள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மிஞ்சும் உணவைக் கடலில் கொட்டுகிறார்களாமே?

பதில்: கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்போலின் ஐந்தாம் இணைப்பு இதற்கு வரம்பு வகுத்திருக்கிறது. பொதுவான கடற்பகுதிகளில், 25 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் புகும் அளவுக்கு அரைத்த உணவுக்கழிவைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலும், அரைக்காததை 12 கடல்மைலுக்கு அப்பாலும்தான் விடலாம். சிறப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட கடல்களில் அரைத்ததைக்கூட 12 கடல்மைலுக்கு அப்பால்தான் விட முடியும். வீணாகும் உணவை 2030க்குள் பாதியாகக் குறைப்பதாகக் கார்னிவல் குழுமம் அறிவித்திருக்கிறது. பஃபேயில் தட்டுகள் சிறிதாவதும், மெனு சுருங்குவதும் இந்த முயற்சியோடு சேர்ந்தவை.

கேள்வி: நான் சைவம், என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. தனி ஏற்பாடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். சைவ உணவு இன்று பெரும்பாலான பொது மெனுக்களிலேயே இருக்கிறது. ஒவ்வாமையை டிக்கெட் பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிட்டு, கப்பல் ஏறிய முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரை நேரில் சந்தியுங்கள். பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தைய இரவே காட்டி, உங்கள் மகளுக்கு வேண்டியதை அப்போதே குறித்துக்கொண்டு தனியாகச் சமைக்கச் சொல்வார்கள். இந்த ஏற்பாடு குறித்த மேசையில் நன்றாக நடக்கும். பஃபேயில் கரண்டிகள் இடம் மாறிவிடக்கூடும் என்பதால், ஒவ்வாமை கடுமையாக இருந்தால் அங்கே மகளைத் தானாக எடுத்துச் சாப்பிட விடாதீர்கள்.