பழைய பத்திரிகையில் வந்த சினிமா செய்தியை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: இந்தியாவின் ஆரம்பகாலச் சினிமா பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். பல படங்களின் பிரதியே இல்லை. நாளிதழ் விளம்பரங்களும் குறிப்புகளும்தான் கிடைக்கின்றன. ஒரே படத்துக்கு இரண்டு தேதி வேறு வருகிறது. எதை நம்புவது?

பதில்: விளம்பரத்தில் உள்ள விவரங்களைத் தாராளமாக நம்புங்கள், புகழ்ச்சியை நம்பாதீர்கள். கொட்டகையின் பெயர், காட்சி நேரம், கட்டணம் இவற்றைத் தப்பாகப் போட்டால் அன்று மாலையே வாசலில் தகராறு வந்துவிடும். புகழ்ச்சிக்கு அப்படி ஒரு தடையும் கிடையாது.

1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் பிரான்ஸ் நாட்டுச் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டன. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' விளம்பரம் அதை உலக அதிசயம் என்றது. அதை விடுங்கள், கட்டணத்தைப் பாருங்கள். முதலில் எல்லோருக்கும் ஒரு ரூபாய். சில நாளில் காட்சி நாவல்டி தியேட்டருக்கு மாறியது. அப்புறம் நாலணா முதல் இரண்டு ரூபாய் வரை பல வகுப்புகள் வந்தன, கோஷா (முகத்திரை) வழக்கமுள்ள பெண்கள் குடும்பத்தோடு உட்காரத் தனி பாக்ஸும் வந்தது. யாரையெல்லாம் உள்ளே இழுக்கப் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல சான்று இல்லை. ஆய்வேடுகளில் இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, இரண்டு தேதி விஷயம். பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 ஏப்ரல் 21 அன்று பம்பாய் ஒலிம்பியா தியேட்டரில் அழைப்பாளர்களுக்கு மட்டும் காட்டப்பட்டது. மே 3 அன்று அங்கேயே கரோனேஷன் தியேட்டரில் பொதுமக்களுக்கு வந்தது. எது எந்தக் காட்சி என்று பிரித்து எழுதினால் போதும்.

விமர்சனம் போலத் தெரியும் குறிப்புகளில்தான் கவனம் வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. 'சுதேசமித்திரன்' நாளிதழ் அதைப் பாராட்டிய குறிப்போ அக்டோபர் 29 தேதியிட்டது. ஒரு டிக்கெட்கூட விற்காத நேரத்தில் வந்த பாராட்டை ரசிகர் வரவேற்பாக எழுதக் கூடாது. விளம்பரம் கொடுப்பவரைப் பத்திரிகை பகைத்துக்கொள்ளாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒற்றைப் பத்திரிகை நறுக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே கொட்டகையின் விளம்பரம் எப்போது தொடங்கி எப்போது நின்றது என்று நாள்வாரியாகப் பாருங்கள். படம் எத்தனை நாள் ஓடியது என்பது அதில் தெரிந்துவிடும். மின்வடிவத்தில் தேடினால் பயாஸ்கோப், சலனப்படம், டாக்கி என எல்லாப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சில் உள்ள எழுத்து கணினித் தேடலில் சரியாகப் பிடிபடாது; ஆகவே பக்கம் பக்கமாகப் புரட்டுவதையும் விடாதீர்கள். தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம்.

பத்திரிகைக்கு வெளியே ஒத்துப்பார்க்க, ரங்காச்சாரியார் தலைமையிலான 1927-28 சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகளை எடுங்கள். அதில் தியேட்டர்காரர்களே தங்கள் தொழிலைப் பற்றிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.