மகள் உப்பளத்துக்குப் போகிறாள், பிளேஸ்மென்ட் என்ன ஆகும்?

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐந்தாவது செமஸ்டர். வகுப்புத் தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து, தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் உரிமைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, அந்த மக்கள் தங்கள் கதையைத் தங்கள் குரலிலேயே பதிந்து வெளியிட ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறாள். சனி ஞாயிறானால் அங்கே போய்விடுகிறாள், ஸ்டைபண்ட் கிடையாது, மற்ற பிள்ளைகள் கோடிங் டெஸ்ட்டுக்குத் தயாராகும்போது இவள் இப்படி இருக்கிறாளே என்பது உங்கள் கவலை. ‘சங்கம், போராட்டம் என்று ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வாளோ’ என்பதைக் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தூக்கம் கெடுவது அந்த வரியால்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் ‘ஏதோ நல்ல காரியம் செய்கிறாள்’ என்று அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அந்த நல்ல காரியத்துக்காக எந்தக் கம்பெனியும் வேலை தராது. ‘தொண்டு நிறுவனத்தில் தன்னார்வப் பணி’ என்ற சான்றிதழ் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளின் ஃபைலிலும் இருக்கிறது. நேர்காணல் எடுப்பவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் கேட்பது வேறு: நீ என்ன முடிவு எடுத்தாய், ஏன் எடுத்தாய், எது சொதப்பியது, எப்படிச் சரி செய்தாய்? பெரும்பாலான கல்லூரி புராஜெக்ட்களுக்கு ஒரே பயனாளர் கைடு பேராசிரியர்தான். அவர் மார்க் போட்டதும் புராஜெக்ட் முடிந்துவிடும். உங்கள் மகளுக்கு நிஜமான பயனாளர்கள் கிடைத்திருக்கிறார்கள். அவர்களை வைத்து அவள் எவ்வளவு கற்றுக்கொள்கிறாள் என்பதுதான் கணக்கு.

உப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பாத்தி முழுக்க வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும். அங்கே நின்றுகொண்டு மொபைல் திரையில் சின்ன எழுத்தை யாரும் படிக்க முடியாது. பட்டன் பெரிதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கடற்காற்று மைக்கில் மோதினால் பதிவு முழுக்க இரைச்சல்தான். அதற்கு மென்பொருளில் வடிகட்டி எழுதுவதைவிட மைக்கின் மேல் ஒரு ஸ்பாஞ்சு மாட்டுவது மேல் என்று ஒரு மாணவி தானே கண்டுபிடித்தால், அதை நேர்காணலில் தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொன்று, டேட்டா. 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-யாகப் பதிந்தால் ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய 1 எம்பி ஆகும். ஓபஸ் என்ற கோடெக்கில் (ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) 24 கேபிபிஎஸ்ஸில் பதிந்தால் அதே பேச்சு 180 கேபிதான். மனிதக் குரல் தெளிவாகவே கேட்கும். நெட்வொர்க் விட்டு விட்டு வரும் இடத்தில் ஐந்து நிமிடக் கதை ஒன்றை அனுப்ப 5 எம்பி வேண்டுமா, 1 எம்பிக்குள் முடியுமா என்பது பெரிய வித்தியாசம். சிக்னல் இல்லாதபோது போனிலேயே சேமித்து வைத்து, கிடைத்ததும் தானாக அனுப்பும்படி செய்திருக்கிறார்களா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவளால் விளக்க முடிந்தால், நேர்காணல் அறையிலும் விளக்கிவிடுவாள்.

அடுத்து, செயலி எதற்கு என்றே ஒரு கேள்வி இருக்கிறது. 2010-ல் சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பத்திரிகையாளராக இருந்த சுப்ராங்சு சௌத்ரி முன்னின்று செய்தது. சாதாரண பட்டன் போனிலிருந்து ஓர் எண்ணைக் கூப்பிட்டு, கோண்டி மொழியிலோ இந்தியிலோ தன் ஊர்ப் பிரச்சினையைப் பேசிப் பதிவு செய்யலாம். ஒருவர் கேட்டுச் சரிபார்த்த பிறகு, மற்றவர்களும் அதே எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். படிக்கத் தெரிய வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஐஐடி டெல்லியிலிருந்து வளர்ந்த கிராம் வாணி நிறுவனத்தின் மொபைல் வாணி சேவையும் இப்படிப் போன் அழைப்பை நம்பியே கட்டப்பட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அது அவர்களுடையதா இல்லை மகனுடையதா என்று உங்கள் மகளின் குழு விசாரித்திருக்கிறதா? விசாரித்த பிறகும் செயலிதான் என்று முடிவெடுத்திருந்தால் சரி. விசாரிக்காமலே செயலி என்று இறங்கியிருந்தால், இப்போதாவது ஒரு வாரம் கோடிங்கை நிறுத்திவிட்டுப் போய் விசாரிக்கட்டும்.

பேச்சை எழுத்தாக்கும் பகுதியும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐஐடி மெட்ராஸில் உள்ள ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான மாடல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஆனால் வட்டாரப் பேச்சிலும் தொழில் சொற்களிலும் எந்த மாடலும் தடுமாறும். சில பதிவுகளைக் கையாலேயே தட்டச்சு செய்து, மாடல் தந்ததோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை சொல் தப்பு என்று ஓர் அட்டவணை போட்டு வைத்தால் போதும். ரெஸ்யூமேயில் ‘ஏஐ பயன்படுத்தினேன்’ என்று எழுதுவதைவிட அந்த ஒரு அட்டவணைக்கு மதிப்பு அதிகம்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பிளேஸ்மென்ட்டைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

கூலி சரியாகத் தரவில்லை, கண் எரிகிறது, காலில் புண் என்று ஒரு தொழிலாளி பேசுகிறார். அது இணையத்தில் போகிறது. மறுநாள் அவருக்கு வேலை கிடைக்காமல் போனால்? பெயரை மாற்றிவிட்டோம் என்று பிள்ளைகள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். சின்ன ஊரில் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். லொகேஷனை அணைக்காமல் போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கும். அதை நீக்காமல் ஏற்றினால் எந்த அளம் என்பதே தெரிந்துவிடும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது எதற்கென்று தெரிந்து, தானாகத் தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், ‘என் கதையை எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு பெண்மணி சொன்னால், யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் எடுப்பார்கள், பேக்கப்பிலிருந்தும் போகுமா என்பதற்குக் குழுவிடம் பதில் இருக்க வேண்டும். சம்மதம் கேட்பதையும் தமிழில், வாய்மொழியாக, பதிவு தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். கைரேகை வாங்கிய படிவம் ஒன்றை ஃபைலில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற நிறுவனம் என்றால், மகளை அங்கிருந்து விலகச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

வம்பு பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு நிறுவனத்துக்காக மென்பொருள் எழுதுவது எந்தக் குற்றமும் இல்லை. உரிமை பற்றிப் பேசுவதும் குற்றம் இல்லை. ஆனாலும் பெற்றவர் என்ற முறையில் சிலவற்றை நீங்கள் விசாரிக்கலாம், மகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நிறுவனம் டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப்பட்டதா? தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா? மாணவர்களின் வேலை என்ன என்று கல்லூரிக்குக் கடிதம் தந்திருக்கிறார்களா? களத்துக்குப் போகும்போது நிறுவனத்தின் பெண் ஊழியர் ஒருவர் உடன் வருகிறாரா? மகள் தொழில்நுட்பக் குழுவில் இருக்கிறாளா, இல்லை நிறுவனத்தின் பெயரில் ஊடகத்திடம் பேசவும் அவளை அனுப்புகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘பேசவும் அனுப்புகிறார்கள்’ என்று பதில் வந்தால், அது அவள் வேலை இல்லை என்று சொல்லிவிடலாம்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். இதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பு உற்பத்தி நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வேலை இல்லாத அந்த நாட்களில்தான் அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அடுத்த வருடம் இதே மாதங்களில் உங்கள் மகள் ஏழாவது செமஸ்டரில், பிளேஸ்மென்ட் நடுவில் இருப்பாள். எனவே பதிவுகளை இந்த மழைக்காலத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். ஏப்ரலுக்குள் ஒப்படைப்பு. மே முதல் ஆப்டிடியூட், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், பழைய கேள்வித்தாள்கள். இதில் சமரசம் வேண்டாம். அரியர் ஒன்று நின்றாலே பல கம்பெனிகளின் முதல் வடிகட்டலில் பெயர் போய்விடும். உப்பளத்தில் என்ன செய்தாள் என்று கேட்கவே யாரும் இருக்க மாட்டார்கள். நான் முதல்வன் பயிற்சியில் அவளுக்கு வந்திருக்கும் பாடத்தையும் ஒப்புக்கு முடிக்காமல் ஒழுங்காகச் செய்யட்டும்.

ஒப்படைப்பு என்று சொன்னேன் அல்லவா, மாணவர் புராஜெக்ட்கள் சாவது அங்கேதான். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் எபிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பொறியியல் மாணவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குத் தேவையானதைச் செய்து தருவார்கள். ஒரு செமஸ்டரோடு முடியாது. மூத்தவர்கள் போகப் போக இளையவர்கள் குழுவில் சேர்ந்து வேலையைத் தொடர்வார்கள். நம் கல்லூரிகளில் இந்த ஏற்பாடு அரிது. இங்கே என்ன நடக்கும் என்றால், டொமைன் (தளத்தின் இணைய முகவரி) ஒரு மாணவியின் ஜிமெயிலில் வாங்கப்பட்டிருக்கும், ஓடிபி அவள் நம்பருக்கு வரும், அவள் பெங்களூரு போய் நம்பரை மாற்றியதும் அடுத்த வருடம் புதுப்பிக்க ஆள் இருக்காது. தளமும் போகும், அந்த மக்கள் நம்பிக் கொடுத்த குரல்களும் போகும். ஆகவே டொமைன், சர்வர் எல்லாம் நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். வருடச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிறுவனத்து ஊழியர் ஒருவர் யாரையும் கேட்காமல் ஒரு கதையை ஏற்றி, ஒரு கதையை நீக்கிக் காட்ட வேண்டும். அவர் கைக்குத் தகுந்த மாதிரி தமிழில் நாலு பக்கம் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரை இப்போதே சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் செய்து முடித்தவள், மென்பொருள் வேலைக்குப் போனால் ஃப்ரன்ட்எண்டிலோ (பயனர் பார்க்கும் திரைப் பகுதியைச் செய்வது) பயனர் ஆய்விலோ சொல்ல நிறைய இருக்கும். வடிவமைப்பில் ஆர்வம் வந்துவிட்டால், சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் படிப்பு படிக்கலாம். தொண்டு நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவிலும் வேலை உண்டு. ஆனால் அங்கே சம்பளம் ஐடி கம்பெனி அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் கல்விக் கடன் இருந்தால் அதையும் சேர்த்தே அவளிடம் பேசுங்கள். மறைக்க வேண்டாம்.

கடைசியாக, வீடியோ எடிட்டிங்குக்கு என்று புது லேப்டாப் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அவர்கள் செய்வது குரல் பதிவு. ஒலியை எடிட் செய்யும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலேயே ஓடும். இருப்பதில் 8 ஜிபி ரேம் என்றால் 16 ஆக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். அதற்கு மேல் கையில் பணம் இருந்தால் காற்று மறைப்போடு ஒரு காலர் மைக் வாங்கிக் கொடுங்கள்.