கடைமடையில் நின்று பார்ப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்தைச் சேர்ந்தவள். கட்டடப் பொறியியல் முடித்துவிட்டு இப்போது சென்னையில் உள்கட்டமைப்புத் திட்டமிடலில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குச் 'சிக்கல் அமைப்புகள்' என்றொரு பாடம் நடக்கிறது. சாலை, மின்சாரம், குடிநீர், நகரம், அதில் வாழும் சமூகம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் ஒரே பின்னலாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பாம்பன் புதிய பாலம் திறக்கப்பட்டபோது நீங்கள் எழுதிய கட்டுரையில், பாலத்தைக் கணக்கிட்டுவிடலாம், தீவைக் கணக்கிட முடியாது என்று சொல்லியிருந்தீர்கள். அதை நினைவில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. எல்லாமே எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது என்பதற்கு மேல் இந்தப் படிப்பு என்ன சொல்கிறது? அதை என் தாத்தா கண்மாய்க் கரையில் உட்கார்ந்துகொண்டு இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். அடுத்தது, பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் யாவும் நியூயார்க், டோக்கியோ, பங்குச்சந்தை என்றே இருக்கின்றன. வானம் பார்த்த எங்கள் கடலோர மாவட்டத்துக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? ஆய்வுக்கு ஊரையே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். கணிதத்தில் இறங்குவதா, ஊருக்குள் இறங்குவதா என்பதுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேவிபட்டினம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் மனக்குறை நியாயமானது. எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்தவை என்ற வாக்கியம் மேடைக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. அதைச் சொன்ன பிறகு எதையும் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. எந்தப் பிணைப்பு பாரம் தாங்குகிறது, எது பெயருக்கு இருக்கிறது, ஓரிடத்தில் செய்த செயல் இன்னோரிடத்தில் எத்தனை காலம் கழித்துத் தெரிகிறது, அந்த இடத்தில் முடிவெடுப்பவர் யார் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் படிப்பு தொடங்குகிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் 1948இல் இதற்கொரு நல்ல வரையறை தந்தார். இரண்டு மூன்று மாறிகள் மட்டும் உள்ள கணக்குகளை அறிவியல் முதலில் தீர்த்தது. பிறகு, வாயுவின் மூலக்கூறுகளைப் போலக் கோடானுகோடி உறுப்புகள் தாறுமாறாக அலையும் கணக்குகளைச் சராசரி கொண்டு தீர்த்தது. இவற்றுக்கு நடுவே, உறுப்புகள் ஓரளவே இருந்தாலும் ஒன்றின் போக்கை மற்றொன்று மாற்றிக்கொண்டே இருப்பதால் பிரித்தும் பார்க்க முடியாத, சராசரியும் எடுக்க முடியாத கணக்குகள் மிஞ்சுகின்றன என்றார். நகரம் இந்த நடுவகையைச் சேர்ந்தது என்று 1961இல் வாதிட்டவர் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ்.

பாம்பனைப் பற்றி நான் எழுதியதும் இந்தப் பொருளில்தான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக மேலெழும் பகுதி மட்டுமே 72.5 மீட்டர் நீளம். அதன் எடை, காற்றின் விசை, உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும் வேகம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வேலை கடினமானதுதான், ஆனாலும் அதன் உறுப்புகள் தங்கள் நடத்தையைத் தாங்களே மாற்றிக்கொள்வதில்லை. தீவின் கதை வேறு. 1914இல் பழைய பாலம் திறந்தபோது, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் ஒரே தொடர்ச்சியாகச் செல்லும் வழி பிறந்தது. அந்த இணைப்பை நம்பித்தான் தனுஷ்கோடியில் சுங்க அலுவலகமும் தபால் நிலையமும் விடுதிகளும் எழுந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்களையும் ஒரே இரவில் கொண்டுபோயிற்று. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் பாலம் 46 நாளில் திரும்பி வந்தது. தனுஷ்கோடி அறுபது ஆண்டுகள் கழிந்தும் திரும்பவில்லை. கப்பல் ராமேசுவரத்திலிருந்து புறப்படத் தொடங்கிய பிறகு, ஊரைத் திரும்பக் கட்ட வேண்டிய காரணம் எந்தத் துறைக்கும் இருக்கவில்லை. 1980களில் இலங்கைப் போர் வந்து அந்தக் கப்பலும் நின்றது. பழுதான உறுப்பைச் சரிசெய்தால் முழுமையும் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

உங்கள் இரண்டாவது மனக்குறையை நான் ஏற்கவில்லை. இவ்வகை ஆய்வுக்கு ராமநாதபுரத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பதே எனக்கு ஐயம். நாம் கடைமடைக்காரர்கள். 1895இல் பெரியாறு அணை வந்ததும், 1959இல் வைகை அணை வந்ததும், தேனியிலும் மதுரையிலும் சிவகங்கையிலும் அதன் பிறகு எடுக்கப்பட்ட ஒவ்வொரு முடிவும் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயின் நீர்மட்டத்தில் வந்து பதிவாகின்றன. அதைத் தாண்டினால் ஆற்றங்கரை ஊரருகே கடல்தான். மேலே நிற்பவருக்குத் தம் முடிவு மட்டும் தெரியும். கீழே நிற்பவருக்கு எல்லாருடைய முடிவின் கூட்டுத்தொகையும் தெரியும்.

கண்மாய்த் தொடர் ஒன்றை அருகில் சென்று பாருங்கள். ஒரு கண்மாய் நிறைந்ததும் உபரி நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அதன் கலுங்கிலிருந்து அதற்கடுத்ததற்கு. பழைய கலுங்குகளின் தலைப்பில் ஒரு முழ இடைவெளியில் குத்துக்கற்கள் நட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பலர் அவற்றை அலங்காரம் என்றோ ஆடு மாடு இறங்காமல் தடுக்க வைத்தது என்றோ நினைக்கிறார்கள். பருவமழை முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கிடையே பலகையோ மண்ணும் வைக்கோலுமோ வைத்து அடைத்தால் கண்மாயின் நீர்மட்டம் சற்று உயரும். அந்தச் சிறு உயரம் பரந்த கண்மாயில் இன்னும் சில வாரத்துக்கான பாசனம். அதே உயரம் உள்வாய் (கண்மாய்க்குள் நீர் நிற்கும் பரப்பு) ஓரத்து நிலத்தை மூழ்கடிக்கும், கீழ்க்கண்மாய்க்கு நீரைத் தாமதப்படுத்தும். பெருமழை வந்து பலகையை எடுக்காமல் விட்டால் கரையையே உடைக்கும். ஆகவே எப்போது அடைப்பது, எப்போது எடுப்பது, யார் முன்னிலையில் எடுப்பது என்பதெல்லாம் ஊர்களுக்கிடையே வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தை விட்டுவிட்டுக் கல்லையும் கரையையும் மட்டும் அளந்தால் அமைப்பில் பாதியை அளக்காமல் விட்டதாகும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்லும் ராஜசிங்கமங்கலம் கண்மாயிலும் மடைகளின் எண்ணிக்கையை அறிந்தவர் பலர். எந்த மடை எந்த முறையில் திறக்கும் என்பதை அறிந்தவர் குறைவு.

இன்று என்ன நடக்கிறது? ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து இயந்திரம் வைத்து ஆழமாகத் தூர்வாருகிறோம். திறப்பு விழாப் புகைப்படத்தில் அது நன்றாகவே இருக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. அங்கே ஊறி, வெயிலில் ஆவியாகும். கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் அது உதவும் என்பது உண்மைதான், ஆனால் பாசனத்துக்கென்று கணக்கு எழுதப்படுகிறது. மழை குறைந்த ஆண்டில் அந்தப் பள்ளம் நிரம்பும் வரை கலுங்கில் நீர் ஏறாது. கீழ்க்கண்மாய்க்காரர் வரத்துக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தொடரில் ஒன்றைச் செம்மைப்படுத்தியதால் தொடர் மோசமானது. இது ஊழலால் வந்ததில்லை (ஊழல் இருந்தால் அது தனிக் கணக்கு); நேர்மையான பொறியாளர் ஒருவர், தமக்கு ஒதுக்கப்பட்ட ஒரே கண்மாயை மட்டும் நினைத்துச் செய்யும் வேலையிலும் இதுவே நடக்கும்.

சீமைக்கருவேலத்தைப் பாருங்கள். அதை ஒரு வில்லனாக்கி எழுதுவது எளிது. நான் அதை ஒரு சுழற்சியாகப் பார்க்கிறேன். வரத்துக் கால்வாய் தூர்ந்தால் நீர் குறைகிறது. நீர் குறைந்தால் நிலம் தரிசாகிறது. தரிசில் கருவேலம் ஏறுகிறது. அதன் நெற்றைத் தின்ற ஆடுகள் விதையை உள்வாய் வரை கொண்டுபோகின்றன. தரிசு நிலக்காரருக்குக் கரிமூட்டத்தில் பணம் வருகிறது, நெல்லைவிட நிச்சயமாகவே வருகிறது. இளைஞர்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, கால்வாயில் மண்வெட்டியோடு இறங்க ஆளில்லை. கால்வாய் இன்னும் தூர்கிறது. இந்தச் சுற்றில் யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தம் நிலையில் சரியானதையே செய்கிறார்கள், விளைவு மட்டும் யாரும் விரும்பாததாக இருக்கிறது. மரத்தை வேரோடு பிடுங்கினாலும் கால்வாயும் ஆளும் கரிக்குப் பதிலான வருமானமும் திரும்பாவிட்டால் சில மழைக்குள் மரமே திரும்பும். நீதிமன்ற உத்தரவின் பேரில் நடந்த அகற்றும் பணிகளுக்குப் பிறகு பல கண்மாய்களில் நாம் கண்டது அதுதான். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் சரிவதற்குத் தேவைப்பட்டதைவிட மீள்வதற்குப் பன்மடங்கு உழைப்பு தேவைப்படும் இந்தப் பண்பை உங்கள் பாடத்தில் சமன்பாட்டோடு காட்டியிருப்பார்கள்.

உங்கள் தாத்தா இதையெல்லாம் அறிந்தவராகவே இருப்பார். அவர் அறிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதைப் பொற்காலமாக்க மாட்டேன். கலுங்கும் மடையும் முறையாக இயங்கியதற்கு, மடையைத் திறந்து மூடி வயலுக்கு நீர் விடும் நீர்ப்பாய்ச்சியின் உழைப்பு காரணம். பல ஊர்களில் அந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்டது. கூலியாகக் களத்தில் சில மரக்கால் நெல் அளந்தார்கள். அந்த நீர்ப்பாய்ச்சியின் பிள்ளைகள் அந்த வேலையை விட்டுப் போனது நியாயம். பொதுச்சொத்தைப் பயனாளிகளே விதிவகுத்து நெடுங்காலம் காக்க முடியும் என்று காட்டியதற்காக அமெரிக்க அரசறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த விதிகளின் செலவு யார்மேல் விழுந்தது என்ற கேள்வியை நம் ஊரில் நாம் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இணைப்பைப் பற்றியும் ஒரு சொல். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து, 60 கோடிப் பேர் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. அந்தச் சரிவால் தமிழ்நாட்டில் விளக்கு அணையவில்லை. தென்மண்டலத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அலைவெண்ணில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் கடைசியில்தான் அந்த இணைப்பு நடந்தது. இன்று கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிறது, அதன் மின்சாரம் செல்ல அகன்ற வழி வேண்டும், எனவே இணைப்பு நமக்கும் நன்மையே. உதவி வரும் அதே கம்பி வழியே சரிவும் வரும் என்பது கணக்கில் இருக்க வேண்டும். குடிநீரிலும் இதைக் காணலாம். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த நீர் குழாய் வழியே நம் கடற்கரைக் கிராமங்களுக்கு வருகிறது. தலையில் குடம் சுமந்த பெண்களுக்கு அது விடுதலை, அதில் மறுபேச்சில்லை. குழாய் வந்தபின் பல ஊர்களில் ஊருணியை வேலியிட்டுக் காக்கும் வழக்கம் போயிற்று. முன்பு ஊருக்கு ஊர் தனித்தனியாக வந்த தட்டுப்பாடு, இப்போது மோட்டார் நின்றாலோ நடுவழியில் குழாய் உடைந்தாலோ வரிசையாகப் பல ஊர்களுக்கு ஒரே நாளில் வருகிறது.

கடல் பக்கம் போனால் எல்லை எங்கே போடுவது என்ற சிக்கல் எழும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமும் உண்டு. நாளைக் குறைத்தால் கிடைத்த நாளில் கூடுதலாகப் பிடிக்கும் வழியைப் படகுகள் தேடும். போர்க்காலத்தில் வட இலங்கை மீனவர்கள் கடலுக்கு வர முடியாதிருந்தபோது நம் விசைப்படகுகளின் எண்ணிக்கையும் எல்லையும் அந்த வெற்றிடத்துக்கேற்ப வளர்ந்தன. 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது படகுகள் அப்படியே இருந்தன. மாவட்ட எல்லைக்குள் நின்று இதை ஆராய முடியாது. உங்கள் முதல் ஆய்வுக்கு இதை எடுக்காதீர்கள், கைக்கு அடங்காது.

கணிதமா ஊரா என்று கேட்டிருந்தீர்கள். கண்மாய்த் தொடர் ஒன்றை எடுங்கள். ஐந்தாறு கண்மாய் போதும். கணிதத்தில் வலைப்பின்னல் கோட்பாட்டின் தொடக்கமும், மழைநாள் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கண்மாயில் எவ்வளவு நீர் வந்தது, போனது என்று படிப்படியாகக் கணக்கிடும் ஓர் எளிய கணினி மாதிரியும் தேவை. அதற்கு மேற்பட்ட கணிதம் தேவைப்படும்போது அதுவே உங்களைத் தேடி வரும். ஆவணத்துக்கு நீர்வளத்துறையில் (முன்பு பொதுப்பணித்துறையின் பகுதியாக இருந்தது) கண்மாய்க் குறிப்பேடுகளைக் கேளுங்கள். கரைமட்டம், கலுங்கு மட்டம், மடைமட்டம், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) ஆகியவை அவற்றில் இருக்கும். நம் கண்மாய்களில் பெரும்பாலானவை சேதுபதி ஜமீனில் இருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அரசின் கைக்கு வந்தவை என்பதால், ரயத்துவாரிப் பகுதிக் (ஜமீன் இடையில் இல்லாமல் அரசு நேரடியாக உழவரிடம் வரி வாங்கிய பகுதி) கண்மாய்களுக்கு உள்ள அளவு பழைய ஆவணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறிப்பேட்டு மட்டங்களைக் களத்தில் மட்டமானி வைத்துச் சரிபாருங்கள். கலுங்கின் மேல் சிமெண்ட் பூசி உயர்த்தியிருப்பதைக் குறிப்பேடு அறியாது.

பிறகு ஒவ்வொரு ஊரிலும், மேல்கண்மாயில் ஒருவரிடமும் கீழ்க்கண்மாயில் ஒருவரிடமும், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கடைசியாகக் கலுங்கில் நீர் போனபோது யார் என்ன செய்தார்கள்? இரண்டு பதில்களும் பொருந்தாத இடங்களைக் குறித்துவையுங்கள், மாதிரியை முதலில் அங்கே சோதித்துப் பாருங்கள். எந்த ஆண்டு என்ன நடக்கும் என்று அது சொல்லாது. எந்தக் கலுங்கில் ஓரடி மாற்றினால் எத்தனை ஊர் பாதிக்கப்படும் என்று சொன்னால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மட்டங்களை எடுத்து முடித்துவிடுங்கள், ஐப்பசி பிறந்தால் உள்வாயில் இறங்க முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்