கதை சொல்ல வருகிறவர்கள்

அன்பின் அக்கா,

காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370 பற்றி நீங்கள் ஒன்றும் எழுதியதில்லை. அதை அமெரிக்கப் படைத்தளம் இருக்கிற டியேகோ கார்சியாத் தீவில் இறக்கினார்கள் என்றும், விமானிதான் திட்டம்போட்டுச் செய்தார் என்றும் யூடியூப்பில் சொல்கிறார்கள். உங்கள் ஊகம் என்ன? இவ்வளவு வருடம் கழித்தும் கடலுக்குள் காசைக் கொட்டித் தேடத்தான் வேண்டுமா?

க., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

டியேகோ கார்சியாவை விடுங்கள். 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் கரையொதுங்கிய இறக்கைத் துண்டு அந்த விமானத்தினுடையதுதான் என்று உறுதியாகிவிட்டது. விமானி விசயம், காரணத்தைச் சொல்ல முடியவில்லை என்று மலேசிய விசாரணைக் குழுவே 2018இல் எழுதிவிட்டது. வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் மேல் கொலைப்பழி போட நாங்கள் யார்?

ஆனால் ஊகம் கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோண்டாவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? 1998 செப்டெம்பர் 29 பற்றி உங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லையா? அப்போது யுத்தம், தரைப்பாதை பூட்டு. கொழும்புக்குப் போக ஒன்றில் கப்பல், இல்லாவிட்டால் பிளேன். அன்று பலாலியிலிருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்குக் கிளம்பிய அன்ரனோவ் விமானம், கொஞ்ச நேரத்திலேயே கடலுக்கு மேலே காணாமல் போனது. 55 பேர்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமியின் மகன் அதில் போனவர். புலிகள் சுட்டு விழுத்தியதாகத்தான் ஊரில் கதை. ஆனால் உடல் வரவில்லையே. வன்னியில் இறக்கி ஆட்களை வைத்திருக்கிறார்களாம் என்று ஒருவர் வந்து சொன்னார். காட்டுப்பக்கம் கண்டவர்களாம் என்று இன்னொருவர். சாத்திரி ஒருவர், உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு கதைக்கும் மாமி மகனின் சேட்டுகளைத் திரும்பவும் எடுத்துத் தோய்த்து, மினுக்கி மடித்து வைப்பார். போட ஆளில்லாத சேட்டின் கழுத்துப்பட்டி தோய்த்தே நைந்து போனது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். மாமி அந்தக் கதையோடு மாதக்கணக்கில் நித்திரையில்லாமல் கிடப்பார். இதை நான் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவள், தம்பி. உங்கள் யூடியூப்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள், எம்.எச். 370இல் போன 239 பேரின் வீடுகளுக்கு.

2012இல் இரணைதீவுக் கடலில் சுழியோடிகள் அந்த அன்ரனோவின் பாகங்களைக் கண்டார்கள். 2014 ஜனவரியில், எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்டினார்கள். மாமியோடு நானும் போனேன். சேறு ஊறிய துணிகள். மாமி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். மகனுடையது ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஐயரிடம் ஆள் அனுப்பினார், கீரிமலையில் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு நாள் கேட்டு. “எந்தக் கடல் எண்டு தெரிஞ்சிட்டுது, அது காணும்” என்றார்.

அந்த வருடம் மார்ச் 8இல்தான் பீஜிங்குக்குப் போன மலேசிய விமானம் காணாமல் போனது. பீஜிங் ஹோட்டலில் கத்தி அழுத தாய்மாரை ரீவியில் பார்த்துவிட்டு, “எங்கை தேடுகினம்?” என்று மட்டும் கேட்டார் மாமி. ஏன் விழுந்தது என்று கேட்கவேயில்லை.

காசு கேட்டீர்கள். செய்மதிச் சமிக்ஞைகளை வைத்து இந்து சமுத்திரத்தில் 120,000 சதுர கிலோமீற்றர் தேடி, கிடைக்காமல் 2017இல் நிறுத்தினார்கள். 2025இல் மலேசியா ஒரு கம்பனியோடு செய்த ஒப்பந்தப்படி, கண்டுபிடித்தால் மட்டும் 70 மில்லியன் டொலர். கொடுக்கட்டும். இன்னும் பத்து வருடம் என்றாலும் தேடட்டும்.

அந்த வீடியோக்களை எனக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் பக்கத்திலிருந்து 1998இல் யாராவது போனார்களா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அதற்குப் பதில் எழுதுகிறேன்.