பன்றிக்கு எதிரே யார் பெயர்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். துணைப்பாடம், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘அனிமல் ஃபார்ம்’, பண்ணை மிருகங்கள் முதலாளியை விரட்டிவிட்டுத் தாங்களே ஆளும் கதை. ‘நெப்போலியன் என்ற பன்றி = ஸ்டாலின்’ என்று போர்டில் எழுதிப் போட்டேன். மறுநாள் ஒரு பையனின் அப்பா வந்து, “வகுப்புல கட்சி அரசியல் பேசுதீங்களா டீச்சர்?” என்று கேட்டுவிட்டார். இந்தக் கதையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், டீச்சர். அந்தச் சமன்பாட்டை மட்டும் அழியுங்கள். நம் ஊரில் ஸ்டாலின் என்றால் எந்தப் பிள்ளைக்கு மாஸ்கோ நினைவுக்கு வரும்? மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. நாலாம் நாள் சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலின் இறந்தார், அதையொட்டி வைத்த பெயர் அது. இதை அந்த அப்பாவிடம் சொன்னாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

அந்தச் சமன்பாடு உங்களுடையது அல்ல, கைடில் இருந்து வந்தது என்று ஊகிக்கிறேன். ஜூன் மாதம் பையோடு வரும் ஏஜென்ட் டீச்சருக்கு ஒரு பிரதி இலவசமாகத் தருவார். கமிஷன் எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் முதல் பக்கமே ‘எந்த மிருகம் யார்’ என்ற அட்டவணைதான். அதை மனப்பாடம் செய்தவன் கதையைப் படிக்க மாட்டான். வினாத்தாளும் அதையே இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறது, பிறகு யாரை நோவது?

அந்த அட்டவணை லெனினிடம் வந்ததும் உடைந்துவிடும். ரஷ்யப் புரட்சியை வைத்து எழுதிய கதையில் லெனினுக்கென்று ஒரு மிருகம் இல்லை. கிழட்டுப் பன்றி மேஜர் கனவைச் சொல்லிவிட்டுப் புரட்சிக்கு முன்பே செத்துப்போகிறது. அந்த வகையில் அது 1883இல் இறந்த மார்க்ஸ். ஆனால் பிறகு அதன் மண்டை ஓட்டைத் தோண்டி எடுத்துக் கம்பத்தடியில் வைக்கிறார்கள், மிருகங்கள் அதற்கு மரியாதை செய்தபடி வரிசையாகப் போகின்றன. இது மாஸ்கோவில் பதப்படுத்தி வைத்த லெனின் உடல். ஆக ஒரே பன்றிக்குள் இரண்டு பேர். ஒரு கைடு மார்க்ஸ் என்னும், இன்னொன்று லெனின் என்னும். இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

உருவகக் கதையைப் புரியவைக்க நம் எட்டயபுரத்துக்காரரே போதும். ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் 1912இல் வந்தபோது பாரதி புதுச்சேரியில் பிரிட்டிஷ் ஒற்றர்களின் பார்வையில் இருந்தார். பாஞ்சாலிக்குள் பாரத மாதாவைப் பார்க்கிறோம், துச்சாதனன் எந்தக் கலெக்டர் என்று யாரும் அட்டவணை போடுவதில்லை.

பேச்சுக்கலையைச் சொல்லிக்கொடுக்க மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு இடம் போதும். பாலையும் ஆப்பிளையும் பன்றிகளே எடுத்துக்கொண்டன. சமாதானம் சொல்ல, பன்றிகளுக்காகப் பேசுகிற ஸ்குவீலர் என்ற பன்றி வருகிறான். எங்களில் பலருக்குப் பாலே பிடிக்காது என்கிறான். விஞ்ஞானம் நிரூபித்தது என்கிறான். உங்களுக்காகத்தான் குடிக்கிறோம் என்கிறான். கடைசியில், நாங்கள் தவறினால் பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், வரட்டுமா என்கிறான். தியாகம், விஞ்ஞானத்தின் பெயர், பயம், ஒரே பதில் மட்டுமே உள்ள கேள்வி. ஒரு பிள்ளையை ஸ்குவீலராகப் பேசவிட்டு, மற்றவர்களை நடுவில் எழுந்து ‘யார் நிரூபித்தது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். மேஜரின் பேச்சிலும் இதே வித்தைகள் உண்டு, இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. பேச்சுப்போட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு உரை எழுதித் தருகிறவர்களை வகுப்புப் பக்கமே அண்டவிடாதீர்கள். கை எங்கே உயர்த்துவது, குரல் எங்கே தழுதழுப்பது என்பதுவரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை கோப்பையோடு வரும், பேசியது என்ன என்று கேட்டால் விழிக்கும். கோப்பையை அலமாரியில் வைத்துப் படம் எடுக்கிற பள்ளிகள் இதைக் கேட்பதே இல்லை.

வீட்டுப்பாடமாக ஆளுக்கொரு நோட்டீஸ் கொண்டுவரச் சொல்லுங்கள். மனை விற்பனை நோட்டீஸ் கிடைத்தால் விசேஷம். ‘நான்குவழிச் சாலைக்கு மிக அருகில்’, ‘சில மனைகளே மீதம்’, ‘உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக’. எந்த வரி ஸ்குவீலரின் எந்த வித்தை என்று பக்கத்திலேயே எழுதட்டும். கட்சி நோட்டீஸ் மட்டும் வேண்டாம், அதில் மாட்டினால் உங்கள் நிர்வாகம் உங்களுக்காகப் பேச வராது.