கூர்பேயின் ‘ஒர்னானில் ஓர் இறுதிச் சடங்கு’ ஓவியத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

“படத்தில் யாரும் அழகாக இல்லை, பெரிதாக எதுவும் நடக்கவும் இல்லை, பிறகு ஏன் இதைக் கொண்டாடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிஸ் விமர்சகர்கள் பலர் அன்று எரிந்து விழுந்ததும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான்.

முதலில் அளவைக் கவனியுங்கள். கைபேசியில் இது தெரியவே தெரியாது. ஓவியம் 10 அடிக்கு மேல் உயரம், 21 அடிக்கு மேல் அகலம். அன்றைய பிரான்சில் இவ்வளவு பெரிய பரப்பு கடவுளர்க்கும் புனிதர்களுக்கும் பேரரசர்களுக்கும் உரியது. கிராமத்தார் என்றால் வரவேற்பறையில் மாட்டும் சிறு படம் போதும். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பேயோ தன் சொந்த ஊரான ஒர்னானின் மேயர், பாதிரியார், குழிவெட்டி, தன் தாய், சகோதரிகள் என 40க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ ஆளுயரத்தில் நிறுத்திவிட்டார்.

அதிலும் நாயகன் என்று ஒருவர் இல்லை. இறந்தவர் யார் என்பதற்குப் படத்தில் விடை கிடையாது. பழைய ஓவியரான எல் கிரேக்கோவின் ‘கோமகன் ஓர்காசின் அடக்கம்’ ஓவியத்தில் மேலே வானம் திறந்து ஆன்மாவை வரவேற்கிறது; இங்கே பாறைக் குன்றுகளுக்கு மேல் எழுவது ஒரு சிலுவை மட்டுமே. சிவப்பு அங்கி அணிந்த கோயில் பணியாளர்களின் மூக்கும் சிவந்திருக்கிறது. நாய் வேறெங்கோ பார்க்கிறது. வந்தவர்களிலும் பாதிப் பேருக்குக் கவனம் குழியில் இல்லை. எந்தச் சாவு வீட்டிலும் காணக்கூடியதுதான். ஆனால் அதை அப்படியே வரைவது அன்று அவமதிப்பாகப் பட்டது. 1848 புரட்சியில் ஆண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றிருந்த சூழலில், கிராமத்தார் இத்தனை பெரிதாக வந்து நின்றது பலருக்குக் கலக்கத்தையும் தந்திருக்க வேண்டும்.

இது 1850–51இல் பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில் இடம்பெற்றதே ஒரு வேடிக்கை. 1849இல் கூர்பே வாங்கிய தங்கப் பதக்கம், தேர்வுக் குழுவைத் தாண்டி நேராகப் படம் வைக்கும் உரிமையை அவருக்குத் தந்திருந்தது. பிடிக்காதவர்களாலும் தடுக்க முடியவில்லை.

1855இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்தச் சலுகை செல்லவில்லை. இந்த ஓவியத்தையும் ‘ஓவியனின் கலைக்கூடம்’ என்ற புதிய ஓவியத்தையும் குழு நிராகரித்தது. கூர்பே அருகிலேயே சொந்தமாக ஒரு கூடம் எழுப்பி, வாசலில் ‘ரியலிசம்’ (உள்ளதை உள்ளபடி காட்டும் கலை) என்று எழுதி, கட்டணம் வைத்துப் படங்களைக் காட்டினார். கூட்டம் சேரவில்லை. ஆனால் உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த ரொமாண்டிக் ஓவியர்களின் தலைவரான தெலக்ருவா வந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்ததைத் தன் நாட்குறிப்பில் பாராட்டி எழுதியிருக்கிறார்.

என் கணக்கில், கலை வரலாற்றில் ஓவியத்துக்கு நிகரான எடை அந்தக் கூடத்துக்கும் உண்டு. 1867இல் ஓவியர் மனே அதே வழியில் தனிக் கூடம் அமைத்தார். 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர்பெற்ற மோனே, தெகா, பிசாரோ முதலிய ஓவியர்கள் சலோனை நம்பாமல் தங்கள் முதல் கண்காட்சியைத் தாங்களே நடத்தினார்கள்.