கணினி கேள்வி – பதில்: சாளரம் ஏன் மினுங்குகிறது?

கேள்வி: மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே என்ற பழைய வீட்டுக் கணினியைச் சரிசெய்து, செயலிக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியில் நிரல் எழுதிப் பழகுகிறேன். மெனு சாளரத்தைத் திறக்கும்போதும் நகர்த்தும்போதும் அந்த இடம் மினுங்குகிறது. தவிர்க்க முடியுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முடியும். கணினியின் வேகக் குறைவே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், இடத்தைத் துடைத்து, கட்டம் வரைந்து, எழுத்துகளை இடும் வேலை முழுவதையும் திரை நினைவகத்திலேயே செய்வதுதான் காரணம். தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை அந்த நினைவகத்தைக் காட்டுவதால், அரைகுறையாக வரைந்த நிலையும் கண்ணில் படுகிறது.

ஆகவே, சாளரத்தை 32768ஆம் முகவரிக்கு மேலுள்ள நினைவகத்தில் முழுமையாக வரைந்து முடித்த பிறகே திரைக்கு நகலெடுங்கள். முழுத் திரையையும் நகலெடுக்க ஆசைப்பட வேண்டாம்: அதன் 6912 பைட்டை, பைட்டுகளை வரிசையாக நகலெடுக்கும் எல்டிஐஆர் கட்டளையால் நகர்த்த, பைட்டுக்கு 21 வீதம் செயலிக்கு ஏறத்தாழ 1,45,000 கடிகாரத் துடிப்புகள் ஆகும், திரை ஒருமுறை காட்டப்படும் நேரத்துக்குள் கிடைப்பதோ 69,888 தான். 10 எழுத்து அகலமும் 8 வரி உயரமும் கொண்ட சாளரத்துக்கு, நிறத்தையும் சேர்த்து 720 பைட் போதும்.

எப்போது நகலெடுப்பது என்பதில்தான் நுட்பமே இருக்கிறது. ஹால்ட் கட்டளையிட்டால் அடுத்த இண்டரப்ட் (ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் செயலிக்கு வரும் குறுக்கீட்டுச் சைகை) வரும்வரை செயலி காத்திருக்கும். அது வந்ததிலிருந்து படத்தின் முதல் வரி தோன்றுவதற்குச் சுமார் 14,336 துடிப்புகள் இடைவெளி உண்டு. 720 பைட்டும் அதற்குள் அடங்காதே என்று கவலைப்படாதீர்கள். நிறப் பைட்டுகளை முதலில் எழுதிவிட்டு, பிறகு மேலிருந்து கீழாகப் பிக்சல் வரி வரியாக எழுதினால், தொலைக்காட்சியில் படத்தை வரையும் கதிர் ஒரு வரிக்கு 224 துடிப்பு எடுக்க, உங்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஆனாலும், முன்கூட்டியே கிளம்பிவிட்ட உங்களை அது 64 வரிக்குள் எட்டிப் பிடிக்காது. ஒரே எழுத்துக்குள் அடுத்த பிக்சல் வரி 256 பைட் தள்ளி இருப்பதால், திரை முகவரியின் மேற்பாதியை வைத்திருக்கும் எச் பதிவகத்தில் ஒன்று கூட்டினாலே அங்கே போய்விடலாம்.

திறப்பதற்கு முன் அடியிலுள்ள 720 பைட்டைச் சேமித்துக்கொண்டால், மூடும்போது அதே முறையில் திருப்பி வைக்கலாம். நகர்த்தும்போது எட்டு எட்டுப் பிக்சலாக நகர்த்துங்கள். பிட்டுகளைத் தள்ளும் வேலை இருக்காது, நிறமும் கட்டத்தை விட்டு விலகாது. பழைய இடம் முழுவதையும் அழிக்காமல், புதிதாக வெளிப்படும் பட்டையை மட்டும் நிரப்புங்கள்.

கேள்வி: 128கே மாதிரியில் இது எளிதா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: எளிது. அதில் 7ஆம் நினைவக வங்கியில் இரண்டாவது திரை இருக்கிறது. அங்கே வரைந்துவிட்டு, 32765ஆம் போர்ட்டின் 3ஆம் பிட்டை மாற்றினால் அது முன்னே வந்துவிடும். மற்ற பிட்டுகளில் வங்கியையும் ரோமையும் தேர்ந்தெடுப்பவை இருப்பதால், திரையை மாற்றும்போது அவற்றைத் தொடாதீர்கள். இங்கும் இண்டரப்ட் வந்தவுடனே மாற்ற வேண்டும். நடுவில் மாற்றினால் மேற்பாதி பழைய படமாகவும் கீழ்ப்பாதி புதிய படமாகவும் ஒரு கணம் தெரியும்.